42 வயதில் சிலம்பம் தொடங்கலாமா? நெல்லைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

டவுன் கணக்கர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 42. திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் உட்கார்ந்தால் இரவு எட்டு மணி வரை நாற்காலிதான். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில் சனி, ஞாயிறு காலை சிலம்பம் கற்றுக்கொள்கிறாள். அவளைக் கொண்டுவிட்டுவிட்டு, முடியும் வரை ஓரமாக வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துப் பார்த்து எனக்கும் கை பரபரக்கிறது.

சண்டை போட வேண்டும் என்பதற்காக இல்லை. போன வருடம் கடையில் சரக்கு இறக்கும்போது மூட்டை எண்ணிக்கையில் ஒரு தகராறு. லாரிக்காரர் கத்த ஆரம்பித்தார். கணக்கு என் கையில் சரியாக இருந்தும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எதிரே ஒருவர் குரலை உயர்த்தினால் உடம்பு ஒடுங்கிவிடும். இது மாற வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன். உடம்பால் ஒன்றைக் கற்றுக்கொண்டால் இந்த ஒடுக்கம் விடுமா? அனுபவப்பட்டவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

இடது தோள்பட்டையில் கொஞ்சம் பிடிப்பு உண்டு. கராத்தே நல்லதா, சிலம்பம் நல்லதா என்பதும் தெரியவில்லை. பிள்ளைகளோடு வரிசையில் நான் போய் நின்றால் மகளுக்குக் கூச்சமாக இருக்குமோ என்ற யோசனையும் இருக்கிறது.

மேலப்பாளையம் கராத்தே:

வணக்கம் அண்ணாச்சி. நான் 36 வயதில் கராத்தே தொடங்கியவன். வேலைக்குப் போய்விட்டு வருகிற ஆளுக்குக் கராத்தேயில் ஒரு வசதி உண்டு. அடுத்த படி எதுவென்று கண்ணுக்குத் தெரியும். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-இல் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். அவர் அங்கே வகுத்த தரவரிசையைத்தான், 1922-இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குப் போய்க் கராத்தே சொல்லிக்கொடுத்த கிச்சின் ஃபுனாகோஷி பிறகு எடுத்துக்கொண்டார். இன்றைக்கு நாம் கட்டுகிற கறுப்பு பெல்ட் அந்த வழியில் வந்ததுதான். பெல்ட் பெரிதில்லை என்று சிலர் சொல்வார்கள். பகல் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவனுக்கு அது பெரிய துணை.

இன்னொன்று, உங்கள் பிரச்சினைக்கு நேராகப் பொருந்துவது. கராத்தேயில் அடியோடு சேர்த்து அடிவயிற்றிலிருந்து சத்தம் போட வேண்டும். கியாய் என்பார்கள். எனக்கும் ஆரம்பத்தில் தொண்டையோடு நின்றுவிடும், வெளியே வராது. பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் கத்தும்போது நம் குரலும் வந்துவிடும். கத்தா என்கிற, வரிசையாகக் கோத்த அசைவுகளைத் தனியாக மொட்டை மாடியில் கூடப் பழகலாம். சேர்வதற்கு முன்னால் பெல்ட் தேர்வுக்கு எவ்வளவு கட்டணம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்பை செவிலியர்:

தம்பி, நான் உங்களைவிட ஐந்து வயது மூத்தவள். மருத்துவமனையில் செவிலியர் வேலை. 39 வயதில் சிலம்பம் தொடங்கினேன், இன்றைக்கும் விடவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தோள்பட்டை. 40-லிருந்து 60 வயதுக்குள் தோள் இறுகிப்போவது அதிகம் பேருக்கு வருகிறது, சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம். இடது கையைப் பின்பக்கம் கொண்டுபோய் நடு முதுகைத் தொட்டுப் பாருங்கள். கையைப் பக்கவாட்டில் காது வரை தூக்கிப் பாருங்கள். வலது கை போகிற அளவுக்குப் போகவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டு, சர்க்கரையும் ஒரு தடவை சோதித்துவிட்டு வாருங்கள். வெறும் பிடிப்புதான் என்றால் சிலம்பம் அதற்கு நல்லதே செய்யும். ஆனால் தலைக்கு மேலே சுற்றுகிற வீச்சை ஆரம்பத்தில் தொடாதீர்கள். இடுப்பு உயரத்தில் முன்பக்கமாகச் சுற்றுவதே போதும். இதை ஆசானிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல ஆசான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் கண்ணாடி. உங்கள் வயதில் வெள்ளெழுத்து வந்திருக்கும் அல்லது வரப்போகிறது. மேலே ஒரு பவர், கீழே ஒரு பவர் உள்ள கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்புக்கு முன்னால் நிற்காதீர்கள். குனிந்து பார்த்தால் தரை மங்கும், எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதும் தப்பாகத் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டும் உடையாத பிளாஸ்டிக் லென்ஸில் ஒன்று செய்து, பின்னால் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியே தேவையில்லை என்றால் கழற்றி வைத்துவிடுங்கள். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. மைதானத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு இது தேவைப்படுவதில்லை.

சரி, லாரிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பதிவில் எனக்கு மனதில் தைத்தது அதுதான். அந்த ஒடுக்கம் விடும் தம்பி, நிச்சயமாக விடும். ஆனால் சிலம்பத்தின் எல்லாப் பகுதியும் அதைச் செய்யாது. எது செய்யும் என்று தெரிந்து சேருங்கள்.

எங்கள் ஆசான் முதலில் கம்பையே கையில் தரவில்லை. மணலில் கோடு போட்டு காலடி மட்டும்தான் பழக்கினார். முன்னே வைப்பது, பின்னே எடுப்பது, பக்கவாட்டில் மாறுவது, சுழன்று திரும்புவது. அது கைவந்த பிறகு கம்பு வந்தது, வீச்சு வந்தது. அதற்கும் பிறகு ஒருநாள் இன்னொருவரை எதிரே நிறுத்தினார். அவர் மெதுவாக அடிக்க வேண்டும், நான் தடுக்க வேண்டும். அவ்வளவுதான். அத்தனை நாள் தனியாக அழகாகச் சுற்றியவளுக்குக் கம்பு வருகிற நேரத்தில் கண் தானாக மூடிக்கொண்டது. மூச்சும் நின்றது. நீங்கள் சொல்கிற ஒடுக்கம் அதேதான்.

ஆசான் சொன்னார், "கம்பைப் பார்க்காதீகம்மா, ஆள் தோளைப் பாருங்க. தோள் அசையாம கம்பு வராது." கம்பின் நுனி வருகிற வேகத்துக்கு எந்தக் கண்ணாலும் அதைத் தொடர்ந்து பார்க்க முடியாது. ஆனால் அடிக்கிறவரின் தோள் அதற்கு முன்பே திரும்பிவிடும். அங்கே பார்த்தால் நமக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அடி வரும்போது மூச்சை உள்ளே பிடிக்காமல் வெளியே விடச் சொன்னார். இரண்டும் சேர்ந்தால் கண் திறந்தே இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார், இதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சலிக்காது. அடி வந்தால் நேராகப் பின்னால் ஓடக் கூடாது. கம்புக்கு வேகமெல்லாம் நுனியில்தான், பிடிக்குப் பக்கத்தில் அவ்வளவு வேகம் இல்லை. பின்னால் போனால் வேகம் கூடிய நுனி நம்மைத் தேடி வந்து அடிக்கும். சாய்வாக ஓரடி உள்ளே போனால் வேகம் குறைந்த இடத்தில் நம் கம்பு அதைத் தடுக்கும். பயந்தவன் போக நினைக்கிற திசைக்கு எதிர்த்திசையில்தான் பத்திரம் இருக்கிறது. இதை வாயால் நூறு தடவை சொன்னாலும் உடம்பு நம்பாது. எதிரே ஒருவர் நின்று அடித்து, உள்ளே போய்த் தடுத்து, அடி படாமல் வெளியே வந்தால்தான் நம்பும்.

வார்டில் ராத்திரிப் பணியில் நோயாளியின் சொந்தக்காரர்கள் கத்துவது எங்களுக்குப் புதிதில்லை. பயத்தில்தான் கத்துகிறார்கள், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் முன்பெல்லாம் எனக்குக் கை நடுங்கும், மருந்துச் சீட்டைப் பிடித்திருக்க முடியாது. ஜோடி போட்டுப் பழக ஆரம்பித்த கொஞ்ச காலத்துக்கெல்லாம் என்னையறியாமலே ஒன்று நடந்தது. யாராவது கத்திக்கொண்டு வந்தால் என் கண் அவர் தோளுக்குப் போகிறது. மூச்சை விடுகிறேன். நேரே முட்டிக்கொண்டு நிற்காமல் சற்றுச் சாய்வாக நின்று, பின்னால் நகராமல் ஓரடி முன்னால் போய், "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்க முடிகிறது. குரல் என்னிடமே இருக்கிறது. இது தைரியமா என்று எனக்குத் தெரியாது. பயம் வருகிறது, ஆனால் உடம்பு வேறு ஒன்றைச் செய்யப் பழகியிருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், ஜோடி ஆட்டம் இருக்கிற இடமாகத் தேடுங்கள். இப்போது இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2021-இல் தமிழக அரசு விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத வேலை ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். கோயில் கொடையில் சப்பரத்துக்கு முன்னால் மட்டும் பார்த்த கலையை இன்றைக்கு இத்தனை பிள்ளைகள் கையில் எடுத்திருக்கிறார்கள். ஆனால் சில இடங்களில் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கே ஆசானின் நேரம் முழுக்கப் போய்விடுகிறது. பெரியவர்களை ஓரமாக நிறுத்தி, "சுத்திக்கிட்டு இருங்க" என்று விட்டுவிடுகிறார்கள். நான் முதலில் போன ஓர் இடத்தில், பெண்களுக்கு வீச்சு மட்டும் போதும் என்றார்கள். அங்கிருந்து வந்துவிட்டேன். நீங்கள் சேரும்போதே, "எனக்கு எதிரே நின்று பழக ஆள் கிடைக்குமா?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.

மகளைப் பற்றி யோசிக்காதீர்கள். களத்தில் முதலில் சேர்ந்தவர்தான் மூத்தவர், வயது கணக்கில்லை. மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரிசையில் கடைசியில் நில்லுங்கள். வீட்டில் காலடியை அவளிடமே கேட்டுப் பழகுங்கள். அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்குக் கூச்சம் எங்கிருந்து வரும்?

டவுன் கணக்கர்:

அக்கா, படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ரொம்ப நன்றி. கராத்தே சொன்ன தம்பிக்கும் நன்றி. சிலம்பம் என்றே முடிவு செய்துவிட்டேன். ஆசானிடம் ஜோடி பற்றிக் கேட்கிறேன்.

வீட்டில் ஒரு பயம் சொல்கிறார்கள். எதிரே நின்று ஆடும்போது வர்மத்தில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று மனைவி கேட்கிறாள். எனக்கு விரல்கள் முக்கியம், நாள் முழுக்கத் தட்டச்சு வேலை. அதற்கும் வழி சொல்லுங்கள்.

வள்ளியூர்க்காரன்:

அண்ணாச்சி, நான் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பழகுவது அடிமுறை, கையாலும் காலாலும் அடித்துத் தடுக்கிற தற்காப்புக் கலை. குமரி மாவட்டத்தில்தான் இது அதிகம், எங்கள் பக்கமும் ஆசான்மார் இருக்கிறார்கள். வர்மம் 108 என்பது கணக்கு. அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அந்த அளவுக்கு ஆபத்தில்லாத தொடுவர்மம் 96 என்பார்கள். நீங்கள் பயப்படுகிற மாதிரி மைதானத்தில் யாரும் அதைக் குறிவைத்து அடிப்பதில்லை. எங்கள் ஆசான்மார் வருடக்கணக்கில் ஆளின் குணத்தைப் பார்த்த பிறகுதான் அதைப் பற்றி வாயே திறப்பார்கள். அடிக்கத் தெரிந்தவர் இளக்கவும், அதாவது வர்மத்தில் பட்ட அடியைச் சரிசெய்யவும், தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம். சேர்ந்த மறுநாளே வர்மம் சொல்லித்தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே போகாதீர்கள். மைனியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அடிமுறையில் சுவடுகள், அதாவது காலடி வரிசைகள், ரொம்பத் தாழ்ந்து நின்று செய்ய வேண்டியவை, முழங்கால் நன்றாக இருக்க வேண்டும். நாற்காலி வேலை பார்க்கிறவர் சிலம்பத்தில் தொடங்குவதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தனியாகக் கம்பு சுற்றுவதைக் குறைவாகச் சொல்லிவிட்டார்கள். கோபுரத்தின் மேலே நாள் முழுக்கக் காற்றுச் சத்தத்தில் இருந்துவிட்டு இறங்கினால் மனது ஒரு நிலையில் இருக்காது. வீட்டுக்குப் பின்னால் இருட்டில் கம்பைச் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் எல்லாம் போய், கம்பின் சத்தம் மட்டும் கேட்கும். வீச்சு சரியாக இருந்தால் சத்தம் ஒரே சீராக வரும், எங்கே தட்டுகிறது என்று காதே சொல்லிவிடும். எனக்கு எதிராளி தந்ததைவிட இது தந்தது அதிகம்.

அம்பை செவிலியர்:

வள்ளியூர்த் தம்பி சொல்வது அவருக்குச் சரி. கோபுரத்தின் மேலே யாரும் அவரிடம் கத்துவதில்லை, அவருக்குத் தேவை அமைதி. கணக்கர் தம்பிக்குத் தேவை வேறு. காதால் கேட்டு வீச்சைத் திருத்துவது நல்ல வழி, அதை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும்.

விரலைப் பற்றி. சிலம்பத்தில் வர்மத்தைவிட அதிகம் அடிபடுவது விரல் முட்டிதான். புதிதாக வருபவர்கள் இறுக்கிப் பிடிப்பார்கள், அதில் மணிக்கட்டும் வலிக்கும், எதிராளியின் கம்பு வழுக்கி வந்தால் விரலிலும் படும். தளர்வாகப் பிடித்து, அடி சேர்கிற அந்த நேரத்தில் மட்டும் இறுக்குங்கள். தடுக்கும்போது கட்டைவிரலைக் கம்பின் மேல் நீட்டி வைக்காதீர்கள், மற்ற விரல்களோடு மடித்துவிடுங்கள். ஆரம்பத்தில் கனமான கையுறை போட்டுக்கொண்டால் ஆசான் ஒன்றும் சொல்ல மாட்டார். முட்டியில் பட்டு வீங்கினால் உடனே குளிர்ந்த தண்ணீரில் வைத்து, அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். விரலை மடக்க முடியவில்லை, அல்லது கோணலாகத் தெரிகிறது என்றால் யாரையும் இழுத்து நீவவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

கம்பை இப்போதே வாங்க வேண்டாம். முதல் மாதம் களத்தில் கிடப்பதை எடுத்துப் பழகலாம். அப்புறம் வாங்கும்போது நேராக நிமிர்ந்து நின்று, நெற்றி உயரத்துக்கு அளந்து வாங்குங்கள். கல்மூங்கில் கம்பு நன்றாக உழைக்கும், ஆனால் கனம் அதிகம். உங்கள் தோள் முழுக்கச் சரியாகும் வரை மெல்லிய பிரம்பே போதும். ஜோடி ஆட்டத்துக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் கம்பு முழுக்க ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் அங்கே சிராய் கிளம்பியிருக்கிறது. கீறல் ஓடியிருந்தால் டேப் சுற்றி ஓட்டாமல் மாற்றிவிடுங்கள், தெறித்தால் எதிரே நிற்பவர் கண்ணுக்குப் போகும்.