நேருக்கு நேர் ஒப்பிடப்படாத மருந்துகள்: நெட்வொர்க் மெட்டா பகுப்பாய்வின் தரவரிசையை எந்த அளவுக்கு நம்பலாம்?

மருந்தியல் மாணவி (கேள்வி)

வணக்கம். துறையின் ஆய்விதழ் வாசிப்புக் கூட்டத்தில் ஒரு நெட்வொர்க் மெட்டா பகுப்பாய்வை விளக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பல சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் வழக்கமான மெட்டா பகுப்பாய்வு எனக்குப் பழக்கமானதுதான். இதிலோ பத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை ஒரே வலையில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் சுக்ரா (SUCRA) என்ற தரவரிசை மதிப்பைக் கொடுத்து, அதன்படி வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முதலிடத்திலும் மூன்றாமிடத்திலும் இருக்கும் மருந்துகள் எந்தச் சோதனையிலும் நேருக்கு நேர் ஒப்பிடப்படவில்லை; இரண்டும் பிளாசிபோவுடன் (மருந்துப் பொருள் இல்லாத போலி மருந்துடன்) மட்டுமே ஒப்பிடப்பட்டுள்ளன. அப்படியிருக்க, ஒன்று மற்றதைவிட மேல் என்ற முடிவு எங்கிருந்து வருகிறது? அதைக் கூட்டத்தில் எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்?

புள்ளியியல் பயிற்றுநர்

அடிப்படைக் கணக்கு எளியதுதான். 1997-இல் பூச்சரும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த முறை அது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பாருங்கள். ‘அ’ என்ற மருந்து இரத்த அழுத்தத்தைப் பிளாசிபோவைவிட 8 மி.மீ. கூடுதலாகக் குறைக்கிறது, அதன் திட்டப் பிழை (மதிப்பீட்டின் நிச்சயமின்மையை அளக்கும் எண்) 1.5, ‘ஆ’ மருந்து 5 மி.மீ. குறைக்கிறது, திட்டப் பிழை 2 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 3 மி.மீ. ஆனால் கழிக்கும்போது பிழைகள் கழிவதில்லை. அவற்றின் வர்க்கங்கள் கூடுகின்றன. 2.25-உம் 4-உம் சேர்ந்து 6.25, அதன் வர்க்கமூலம் 2.5. ஆகவே 3-க்கு இருபுறமும் இதில் 1.96 மடங்கை எடுக்கும் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியின்படி, ‘அ’ ஏறத்தாழ 7.9 மி.மீ. வரை மேலாகவும் இருக்கலாம், 1.9 மி.மீ. வரை கீழாகவும் இருக்கலாம். பிளாசிபோவை இரண்டுமே தெளிவாக வென்றிருந்தும், தமக்குள் எது மேல் என்பது தீரவில்லை. ஒரே அளவுள்ள சோதனைகளை வைத்துப் பார்த்தால், ஒரு நேரடி ஒப்பீடு தரும் துல்லியத்தை மறைமுக ஒப்பீட்டில் எட்ட நான்கு மடங்கு சோதனைகள் தேவைப்படும்.

இங்கே ஒரு சோதனையின் மருந்துப் பிரிவையும் இன்னொன்றின் மருந்துப் பிரிவையும் தனியே உருவி ஒப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சோதனைக்குள்ளும் சமவாய்ப்பு முறையில் (நோயாளிகளைக் குலுக்கல்போல் பிரித்து) கிடைத்த வேறுபாட்டையே எடுத்துக் கழிக்கிறோம். ஆயினும் ‘அ’ சோதனைகளின் நோயாளிகளும் ‘ஆ’ சோதனைகளின் நோயாளிகளும் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். மருந்தின் பலனைக் கூட்டவோ குறைக்கவோ கூடிய காரணிகள், அதாவது நோயின் தீவிரம், வயது, மருந்தளவு, சோதனையின் கால அளவு போன்றவை, இரு தொகுதிகளிலும் ஏறக்குறைய ஒத்திருந்தால்தான் இந்தக் கழித்தல் செல்லும். கடப்புத் தன்மை என்று நாம் குறிப்பிடுவது இதைத்தான். இதை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் சரிபார்த்துத் தராது. நோயை அறிந்தவர்கள் சோதனைகளைப் படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

பிளாசிபோ என்ற பெயரையும் கண்மூடி நம்ப வேண்டாம். முழங்கால் மூட்டுத் தேய்மானச் சோதனைகளில் மூட்டுக்குள் ஊசியாகச் செலுத்தும் பிளாசிபோ, வாய்வழி பிளாசிபோவைவிட வலியைக் கூடுதலாகக் குறைப்பது அறியப்பட்டதே. இரண்டையும் ஒரே முனையாக (ஒரே புள்ளியாக) வலையில் வைத்தால், ஊசி மருந்து மாத்திரையைவிட வலுக்குறைந்ததாகத் தோன்றக்கூடும்.

மனநல மருத்துவர்

மேலே சொன்னதோடு ஓர் உண்மையான ஆய்வைச் சேர்க்கிறேன். 2018-இல் தி லான்செட் இதழில் வெளியான மனச்சோர்வு மருந்துகளின் பகுப்பாய்வு 522 சோதனைகளையும் 1,16,477 பேரையும் 21 மருந்துகளையும் ஒரே வலையில் கொண்டுவந்தது. 21 மருந்துகளும் பிளாசிபோவைவிடப் பலன் தந்தன. பலனில் அமிட்ரிப்டிலின் முதலிடம், பிளாசிபோவோடு ஒப்பிட்ட வாய்ப்பு விகிதம் (1-க்கு மேல் செல்லச் செல்லப் பலன் கூடுதல்) 2.13. அடுத்து வந்த மிர்டாசபினுக்கு 1.89, கடைசியில் நின்ற ரெபாக்செடினுக்கு 1.37. பலன் வரிசையை மட்டும் படித்துவிட்டு எல்லோருக்கும் அமிட்ரிப்டிலின் எழுதத் தொடங்குபவர் யாருமில்லை என்று நம்புகிறேன். ஏனெனில், எந்தக் காரணத்தாலாயினும் சிகிச்சையை இடையில் கைவிட்டவர்கள் எத்தனை பேர் என்று அதே ஆய்வு பார்த்தபோது, பிளாசிபோவைவிடக் குறைவாகக் கைவிடப்பட்டவை அகோமெலட்டினும் ஃபுளுவாக்செடினும் மட்டுமே. பெரும்பாலான சோதனைகளில் சார்புக்கான இடர் (முடிவு ஒருபக்கம் சாயும் வாய்ப்பு) மிதமாகவோ அதிகமாகவோ இருந்தது என்பதையும் ஆய்வாளர்களே எழுதியிருந்தனர். உங்கள் கட்டுரையிலும் பலன், பக்கவிளைவு, கைவிடல் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிசைகள் உள்ளனவா என்று பாருங்கள்.

மதிப்பாய்வுக் குழு உறுப்பினர்

சுக்ராவைப் பற்றி மட்டும் ஒரு சொல். அது 0 முதல் 1 வரையிலான ஓர் எண்; வரிசையில் மருந்தின் இடம் எவ்வளவு உயரத்தில் அமைகிறது என்பதைச் சுருக்கிச் சொல்கிறது. இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள இடைவெளி நோயாளிக்கு உறைக்கும் அளவுக்குப் பெரியதா என்பதை அது சொல்லாது. முதலிடம் பெறும் நிகழ்தகவு என்று தனியே தரும் எண்ணோ இன்னும் வழுக்கலானது. ஒரே ஒரு சிறு சோதனையில் வந்த மருந்துக்கு நம்பிக்கை இடைவெளி மிக அகலமாக இருப்பதால், முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் ஒருசேர அது போட்டியிடும்.

மருந்தியல் மாணவி

மிக்க நன்றி. ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. நேரடிச் சான்றுக்கும் மறைமுகச் சான்றுக்கும் இடையே முரண் எதுவும் காணப்படவில்லை என்று கட்டுரை சொல்கிறது. ஆனால் வலைப்படத்தில் எல்லாக் கோடுகளும் பிளாசிபோவிலிருந்தே கிளம்புகின்றன. மருந்துகளுக்கிடையே கோடே இல்லை. அந்த வாக்கியத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

புள்ளியியல் பயிற்றுநர்

நல்ல கண் உங்களுக்கு. முரண் இருக்கிறதா என்று பார்க்க மூடிய சுற்று வேண்டும். அதாவது ஒரே இணைக்கு நேரடிச் சான்றும் மறைமுகச் சான்றும் தனித்தனியே கிடைக்க வேண்டும். முனையைப் பிரித்துப் பார்க்கும் சோதனை செய்வதெல்லாம் அவ்விரண்டையும் ஒப்பிடுவதுதான். நட்சத்திர வடிவ வலையில் ஒப்பிட எதுவும் இல்லாததால் முரண் ஒருபோதும் தென்படாது. ஆகவே அந்த வாக்கியம் பொய்யல்ல, ஆனால் அதற்கு எடையும் இல்லை. சோதனைகளின் பண்புகளைத் தரும் அட்டவணையை எடுத்து, ‘அ’ எதிர் பிளாசிபோ, ‘ஆ’ எதிர் பிளாசிபோ என்று ஒப்பீடு வாரியாகப் பிரித்து, தொடக்க நிலைத் தீவிரம், மருந்தளவு, கால அளவு, வெளியான ஆண்டு ஆகியவற்றை அருகருகே எழுதிக் காட்டுங்கள். இரு பத்திகளும் பெரிதும் விலகியிருந்தால், முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் உள்ள வேறுபாடு மருந்தால் வந்ததா நோயாளிகளால் வந்ததா என்பதை இந்தத் தரவிலிருந்து பிரித்தறிய முடியாது என்றே கூட்டத்தில் சொல்லலாம்.