உருவமற்ற பீங்கான் சிற்பத்தில் கலைஞரின் வாழ்வைத் தேடலாமா?

ஜூரோங் வாசகி (கேள்வி):
சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்ச் சிற்பி இங் எங் டெங்கின் படைப்புகளைப் பார்த்தபின் எழுந்த ஐயம் இது. தாயும் சேயும் என்று தெரியும் சிற்பத்தில் அவர் சொல்ல வந்தது எனக்கு எளிதில் விளங்குகிறது. முகமோ உடலோ இன்றி, வளைவும் துளையுமாகவே நிற்கும் பீங்கான் சிற்பங்களுக்கு அருகிலும் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பைப் பல காட்சிக்கூடங்களில் எழுதி வைக்கிறார்கள். அது பார்வைக்குத் துணை புரிகிறதா, அல்லது மண்ணில் இல்லாத கதையை நாமே அதன்மேல் ஏற்றிவிடுகிறோமா?

திகிரி:
வாழ்க்கை நிகழ்ச்சிகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கைப்பழக்கத்தைத் தேடினால் நிறையக் கிடைக்கும். ஜப்பானின் கியோத்தோ நகரத்துக் குயவரின் மகனான யாகி கஸுவோ, 1948இல் நண்பர்களுடன் சோதேய்ஷா என்ற குழுவைத் தொடங்கி, 1954இல் சக்கரத்தில் வனைந்த வளையம் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தி, அதில் சிறு குழாய்களை ஒட்டி, எழுத்தாளர் காஃப்காவின் கதைநாயகன் சம்சாவின் பெயரை அதற்கு இட்டார். அந்தத் தலைப்பை நீக்கினால் காஃப்கா காணாமல் போய்விடுவார். ஆனால், சிறுவயது முதல் குயவர் பட்டறையைக் கண்டு வளர்ந்தவரின் கை அந்த வளையத்திலும் குழாய்களிலும் அப்படியே இருக்கிறது. மரபை உதறியவர் என்று அவரைச் சொல்வது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது, ஏனெனில் பானையை விட்டாரே தவிர, சக்கரத்தை அவர் விடவில்லை.

பொங்கோல் தமிழன்:
குறிப்பை அடியோடு ஒதுக்க நான் உடன்பட மாட்டேன். இங் எங் டெங் இங்கிலாந்தில் பீங்கான் கலையைப் பயின்று, அயர்லாந்து மட்பாண்டத் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்பாளராகப் பணியாற்றி, 1960களில் நாடு திரும்பியவர் என்பது தெரிந்தபின், அவருடைய மண் ஏன் அவ்வளவு கட்டுப்பாட்டுடன் நிற்கிறது என்பது எனக்குப் புரிந்தது. பிற்காலத்தில் உடற்பகுதியே முகமாக மாறும் சிற்பங்களை அவர் வரிசையாகச் செய்தார். அவற்றைப் பார்க்கும்போது, உருவம், உருவமின்மை என்று நீங்கள் போட்ட கோடே சற்று மங்கிவிடுகிறது.

சூளைச்சாம்பல்:
துளையைக் கண்டதும் இழப்பு, வெறுமை என்று குறிப்பு எழுதுவோரிடம் எனக்குச் சிறு மனக்குறை உண்டு. தடித்த, திண்மையான களிமண்ணைச் சரியாக உலர்த்தாமல் சூளையில் இட்டால், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி அதை வெடிக்கச் செய்துவிடும்; எனவே பெரிய சிற்பங்களை உள்ளீடற்றவையாக அமைத்து, காற்று வெளியேற எங்கேனும் வழிவிடுகிறார்கள். 573 பாகை செல்சியஸ் அளவில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரிவதால், அந்தக் கட்டத்தை விரைந்து கடந்தாலும் விரிசல் விழலாம். ஜாலான் பஹாரில் 1940இல் கட்டப்பட்ட தாவ் குவாங் டிராகன் சூளை போன்ற விறகுச் சூளைகளில், பறந்து வந்து படியும் சாம்பலே உருகி மெருகாகிவிடுகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு படியும் என்பதைக் கலைஞர் முழுதாகத் தீர்மானிக்க முடியாது. ஆகவே, குறிப்பைப் படிக்குமுன் சிற்பத்தைச் சுற்றிவந்து, அதன் பின்புறத்தையும் அடிப்பகுதியையும் பார்த்துவிடுங்கள். காற்றுக்கு விட்ட துளை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.