ஐஸ் பிளாண்ட்: கேன் தூக்குற நேரத்துல வயர்லெஸ் சென்சார் ரீடிங் வரல

குளச்சல் மெயின்டனன்ஸ்:
அண்ணன்மாரே, குளச்சல்ல ஒரு ஐஸ் பிளாண்ட்ல வேலை பாக்கேன். உப்புத்தண்ணித் தொட்டியில நாலு ஜிக்பீ (கம்மி பவர் வயர்லெஸ்) டெம்பரேச்சர் சென்சார், கம்ப்ரஸர் ரூம்ல அந்த ரீடிங்கை வாங்குற கேட்வே பெட்டி. ஜூலையில, தடைக்காலத்துல மாட்டினோம், ஒரு குறையும் இல்ல. ஆகஸ்ட் 1-ம் தேதி போட்டெல்லாம் கடலுக்குப் போனதுலேருந்து, விடியக்காலம் 4 மணிக்கு மேல ரீடிங் வர்றதில்ல. திரையில கடைசியா வந்த மைனஸ் 9 அப்படியே நிக்குது. போன வாரம் கம்ப்ரஸர் நின்னதே தெரியாம, ஒரு வரிசை ஐஸ் நடுவுல தண்ணியோட வந்துச்சு. சிக்னல் பவரைக் கூட்டுற பூஸ்டர் போடவா?

ஆரல்வாய்மொழி காத்தாடி:
தம்பி, பூஸ்டர் வேண்டாம். 4 மணின்னா ஐஸ் உறைஞ்ச இரும்புக் கேனை கிரேன்ல தூக்குற நேரம்லா? தடைக்காலத்துல கிரேன் ஓடல, அதான் அப்ப நல்லா இருந்திருக்கு. ஒரு வரிசை கேனை மொத்தமா தூக்கும்போது சென்சாருக்கும் கேட்வேக்கும் நடுவுல இரும்புச் சுவரு எழும்புது. இரும்புல பட்டுத் திரும்புற அலையும் நேரா வர்ற அலையும் மோதி, ஒரு இடத்துல சிக்னல் செத்துப்போகும். சில சென்டிமீட்டர் தள்ளினா அங்க நல்லா கிடைக்கும். பவரைக் கூட்டினா அந்த எதிரொலியும் சேர்ந்தே கூடும். ஆன்டெனாவை கிரேன் பீமுக்கு மேல ஏத்துங்க. எதிர்ச் சுவர்ல, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்புற ரிப்பீட்டர் ஒண்ணு வைங்க, ஒரு வழி அடைச்சா மறுவழி இருக்கும்.

கனெக்டரைக் கழட்டிப் பாருங்க. கடக்காத்துல பச்சை பூத்திருக்கும். துடைச்சிட்டு, இழுத்துச் சுத்தினா தானே ஒட்டுற ரப்பர் டேப் போடுங்க.

எனக்குப் பயம் அந்த மைனஸ் 9-தான். சிக்னல் போறதைக்கூட சமாளிக்கலாம், போனதை மறைக்கிற திரையை நம்பி எப்படி பிளாண்ட் ஓட்டுவீங்க? ரெண்டு நிமிஷம் புது ரீடிங் வரலன்னா எண்ணை அழிச்சு சிவப்பு காட்டி மணி அடிக்கணும். இன்னைக்கே செய்யுங்க, மத்தது பொறவு.

தக்கலை பேனல்:
வைஃபையும் ஜிக்பீயும் ஒரே அலைவரிசைதான்; ஆபீஸ் வைஃபை ஆட்டோ சேனல்ல கிடந்தா அதுவும் இடிக்கும். அதை 1-ல நிறுத்தி, ஜிக்பீயை 25-க்கு மாத்துங்க. அமோனியா கேஸ் கசிஞ்சா அடிக்கிற அலாரமும் வயர்லெஸ்தானா? அதுக்கு வயர்தான் இழுக்கணும்.

குளச்சல் மெயின்டனன்ஸ்:
அமோனியா அலாரம் வயர்லதான் இருக்கு அண்ணே. கனெக்டர்ல நீங்க சொன்ன பச்சை அப்படியே இருந்துச்சு. ஆன்டெனா ஏத்தியாச்சு, சேனலும் மாத்தியாச்சு, சிவப்பும் வச்சாச்சு. இன்னைக்கு 4.20-க்கு கேன் தூக்கும்போது பக்கத்துலயே நின்னேன். மூணு சென்சார் விடாம வந்துச்சு. தூணை ஒட்டின நாலாவது ரெண்டு தடவை போச்சு, ரெண்டு தடவையும் மணி அடிச்சுது. ரிப்பீட்டர் நாளைக்கு மாட்டுறோம்.