சிறைக்குப் போனால் தம்பியின் மருந்து என்னவாகும்?

ஹெராயினிலிருந்து மீள என் தம்பி ஏழு மாதங்களாகப் புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தை எடுத்துக்கொள்கிறான். வேலைக்குப் போகிறான், இரவில் தூங்குகிறான். எங்களுக்கு அதுவே பெரிது. இப்போது பழைய திருட்டு வழக்கில் தீர்ப்பு வரப்போகிறது. தண்டனையைவிட, மருந்து நின்றுவிடுமோ என்பதுதான் என் பயம். சிறையில் சில மாதங்கள் மருந்தும் ஹெராயினும் இல்லாமல் இருந்தால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும். வெளியே வந்து ஹெராயினைப் பழைய அளவிலேயே எடுத்தால் உயிர் போய்விடலாம். முதல் இரண்டு வாரங்கள்தான் மிக ஆபத்தானவை.

2005 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புப்ரெனார்ஃபின் இருக்கிறது. வழக்கறிஞரோ, "அதுவும் போதைதானே" என்கிறார். (அவரிடம் வாதாடி அலுத்துவிட்டது.)

சிறைக்குள்ளும் சிகிச்சையைத் தொடர வைத்தவர்கள் இருக்கிறீர்களா? மருத்துவரின் கடிதம் போதுமா, தனி மனு வேண்டுமா? விடுதலை நாளில் நலாக்சோன் (ஹெராயின் அளவு மிஞ்சினால் அதை முறிக்கும் மருந்து) கையிலிருக்க என்ன செய்தீர்கள்? தீர்ப்புக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.