எம்பி எலக்‌ஷன்ல கம்யூனிஸ்ட்டுங்க ஜெயிக்க முடியுமா?

குடியாத்தம்காரன்: எங்க ஊர்ல 2011ல சிபிஐ எம்எல்ஏவே ஜெயிச்சாரு, பீடி சுத்துறவங்க கூலி பிரச்சனைன்னா செங்கொடிக்காரங்களதான் தேடுறாங்க, ஆனா எம்பி ஓட்டுன்னா சூரியன், இலைன்னு போயிடுது, ஏன்?

ஆம்பூர் தோழன்: 2004ல இடதுசாரிங்க 59 எம்பிங்க, வெளியிலேர்ந்து அவங்க ஆதரவு குடுத்துதான் மன்மோகன் ஆட்சியே நின்னுச்சு, நூறு நாள் வேலை சட்டம் அப்ப வந்ததுதாங்க. 2024ல சிபிஎம் 4, சிபிஐ 2. அதுல நாலு தமிழ்நாடு, அதுவும் திமுக கூட்டணில. தனியா நின்னா ரொம்ப கஷ்டம்.

காட்பாடி: இலங்கைய பாருங்க, அநுர குமார திசாநாயக்கவோட இடதுசாரி கூட்டணி நாடாளுமன்றத்துல 2020ல 3 சீட்டு, 2024ல 225க்கு 159!

ஆம்பூர் தோழன்: அங்க வாங்குன ஓட்டுக்கு ஏத்த மாதிரி சீட்டுங்க. இங்க தொகுதில மொத ஆளா வரணும், சிதறிக் கெடக்குற ஓட்டெல்லாம் வீணாப்போவுது, அதான் வயித்தெரிச்சலா இருக்கு.