உடைந்த கல் யாருடையது?

2012இல் தர்மபுரியில், பென்னாகரம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கல் பட்டறையில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். ஏழு பேர் இருந்தோம். திருச்சியில் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர்தான் ஓனர். கச்சாக் கல் அங்கிருந்து வரும், பட்டை தீட்டியதும் அங்கேயே போகும். வைரம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கன் டைமண்ட் என்று கடையில் சொல்வார்களே, அந்த ஜிர்கோனியா.

குச்சி நுனியில் அரக்கை இளக்கிக் கல்லை ஒட்டி, சுற்றும் தட்டில் வைத்துத் தேய்க்க வேண்டும். ரவுண்ட் கல்லுக்கு மேலே 33, கீழே 24, ஆக 57 பட்டை. கூலி கல் கணக்கு. அந்த வருஷத்துக் கரண்ட் கட்டை மறந்திருக்க மாட்டீர்கள். தட்டு நின்றால் கூலியும் நின்றது. அதற்குக்கூட யாரும் முணுமுணுக்கவில்லை.

எங்களை அரித்தது உடைசல் பிடித்தம்தான். சனிக்கிழமை கணக்கில் உடைந்த ஒவ்வொரு கல்லுக்கும் விலை கழிப்பார். கல்லிலேயே விரிசல் இருந்ததா, கை தவறியதா என்ற கேள்வியே கிடையாது. தொழிலாளியிடம் விளக்கம் கேட்காமல் சேதத்துக்குப் பிடிக்கக்கூடாது என்று 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். தெரிந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தங்கச்சி கல்யாணத்துக்கு 15,000 முன்பணம் வாங்கியிருந்தேன். ஏழில் ஆறு பேர் அப்படித்தான்.

வாங்காத ஒரே ஆள், நல்லம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. ஒரு சனிக்கிழமை மூன்று கல்லுக்குப் பிடித்ததும் கையை நீட்டினார்.

"காசு புடிச்சிட்டீங்க இல்லண்ணா, கல்லைக் குடுங்க."

"உடைஞ்ச கல்லை வச்சு என்னம்மா பண்ணப் போற?"

"நீங்க என்ன பண்றீங்களோ, அதேதாண்ணா."

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த உடைசல் டப்பா அடுத்த வாரம் சின்ன சைஸ் வெட்ட எங்களிடமே வரும், எல்லோருக்கும் தெரியும்.

ஓனரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். திருச்சி வியாபாரி அவரிடம் எடை போட்டுத்தான் கணக்குக் கேட்பார், சீனாவிலிருந்து வந்த மெஷின் கல்லோ கூலியை ஏறவிடவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவருக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து சின்ன சைஸுக்குத் தேறும் கல்லுக்குப் பிடிப்பதை நிறுத்தினார், தூளானதற்கு மட்டும் பாதி.

அக்கா அந்த மூன்று கல்லையும் விடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டுதான் பஸ் ஏறினார்.