பேட்டி கொடுத்தவங்களே படிக்கிற மாதிரி அறிக்கை: உங்க அனுபவம் சொல்லுங்க

சத்துவாச்சாரி, பக்க வடிவமைப்பாளர்:
பாலினம், பாலுறவு, குடும்ப உறவு பற்றின ஆய்வறிக்கைகளுக்குப் பக்கம் கட்டித் தர்றேன். ஒரு ஆய்வுக்குப் பேட்டி கொடுத்த குடியாத்தம் தம்பி போன் பண்ணார். பார்வை இல்லாதவர். "இன்னாண்ணா இது, போன் இன்னாமோ உளறுது! வீட்ல யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லலாம்னா, நான் சொன்னதெல்லாம் அதுல கீதே!"

அச்சகத்துல பழைய எழுத்துருவில் தட்டியிருந்தாங்க. கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருக்கறது ஆங்கில எழுத்துக்களும் குறிகளும். திரையில இருக்கறதைச் சத்தமா படிச்சுக் காட்டற திரைவாசிப்பான் உள்ளே இருக்கறதைத்தான் வாசிக்கும். தமிழ் எழுத்தை உள்ளேயும் தமிழாவே வெக்கிற யூனிகோடு முறையைத் தமிழக அரசு ஏத்துக்கிட்டது 2010ல!

முழுசையும் யூனிகோடுக்கு மாத்தினேன். படமா ஒட்டியிருந்த அட்டவணைகளை நிஜ அட்டவணை ஆக்கினேன். ரொம்ப நேரம் பிடிச்சது வரைபடங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துல இருக்கறதைத் திரைவாசிப்பான் படிக்கிற மாதிரி விவரிக்கிற வரிகள், எழுதறதுதான். "பட்டை வரைபடம்"னு எழுதிட்டுப் போனா யாருக்கு லாபம்? எது கூடியிருக்கு, எது குறைஞ்சிருக்குன்னு அதுல இருக்கணும். மறுபடி அனுப்பினதும் இயர்போன் மாட்டிக்கிட்டு முழுசும் கேட்டவர், தான் சொன்னதைத் திரிச்சு எழுதியிருக்காங்கன்னு ஆய்வாளர்கிட்ட சண்டைக்கே போயிட்டார். நியாயமான சண்டை.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம்னா சாய்தளம் மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. தகவலும் எட்டணும்னு அதே சட்டத்துல இருக்கு.

காட்பாடி, ஆய்வு மாணவி:
அண்ணா, எங்க தலைவலி வேற. "திருநங்கை, பேரணாம்பட்டு, தோல் தொழிற்சாலை, வயது 34"னு ஒரு வரி (இங்கே விவரங்களை மாத்தித்தான் எழுதறேன்). பேர் போடலைதான். ஆனா அந்த ஊர் டீக்கடையில கேட்டாலே யாருன்னு சொல்லிடுவாங்க. அதனால அட்டவணையில 5 பேருக்குக் கீழே வர்ற கட்டங்களை எல்லாம் பக்கத்துக் கட்டத்தோட சேர்த்தோம். வயசை 30–39 ஆக்கினோம். ஊர்ப் பேருக்குப் பதிலா "பழைய வட ஆற்காடு". 1989லயும் 2019லயும் பிரிச்ச மாவட்டம் எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும். வழிகாட்டிக்கு முதல்ல பிடிக்கலை, துல்லியம் போகுதாம். போகட்டும்னு நின்னோம்.

வரைபடங்கள்ல ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ் கலரையும் தூக்கிட்டோம். ஜெராக்ஸ் எடுத்தா ரெண்டும் ஒரே சாம்பல். மூணாவதா ஒருத்தருக்கு எந்த கலர் கொடுக்கறதுன்னும் யாரும் யோசிக்கலை. இப்ப கோடு, புள்ளி, கட்டம், பக்கத்துலயே எழுத்து.

ஆம்பூர், பேட்டி கொடுத்தவன்:
நான் தன்பாலீர்ப்பாளன், வீட்டுக்குத் தெரியாது. அறிக்கை வாட்ஸப்ல வந்துச்சு, கோப்போட பேர்லயே தலைப்பு முழுசா. அப்ப போன் அண்ணி கையில. நல்லவேளை, அவங்களுக்கு உருதுதான் படிக்க வரும். உள்ளே எவ்ளோ பார்த்துப் பார்த்து மறைச்சிருந்தாங்க தெரியுமா!

சத்துவாச்சாரி, பக்க வடிவமைப்பாளர்:
தம்பி, கோப்புக்கு "அறிக்கை 2"ன்னு வெச்சா போதும். அட்டையிலயும் துறை பேர் மட்டும், தலைப்பு உள்பக்கத்துல. அனுப்பறதுக்கு முன்னாடி எந்த நம்பருக்கு, எந்த நேரத்துலன்னு ஒப்புதல் படிவத்துலயே கேட்டு வெச்சுக்கலாம். உங்க படிவத்துல அந்தக் கேள்வி இருக்காம்மா, காட்பாடி?